இடது கால் செருப்பு

இடது கால் மட்டும் வந்தது
பழுப்புக் காகித உறையில்,
அரக்கு முத்திரை லேசாக விரிசல் விட்டு.
"வலது எங்கே?"
"கூவத்துல போயிருக்கும் மேடம்"
என்றார் ஏட்டு சகாயராஜ்,
மின்விசிறிக்கு நேராக நின்று தொப்பியைக் கழற்றியபடி.

குதிகால் பள்ளத்தில்
சுண்டுவிரல் நகமளவு மண்.
உலர்த்தி, சலித்து,
அகச்சிவப்புக்குக் கீழே வைத்தேன்.
கண்ணுக்கு எட்டாத அந்த வெளிச்சத்தில்
திரையில் கோடு எழும்பும், விழும்.
எழுநூற்று எண்பதருகே இரட்டைக் கொம்பு: குவார்ட்ஸ்.
மூவாயிரத்து அறுநூறு தாண்டினால் களிமண்.
ஆயிரத்து நானூற்றில் ஓர் அகன்ற மேடு,
சுண்ணாம்பு.
எப்போதோ ஒரு சிப்பி உடைந்திருக்கிறது.

மின்நுண்ணோக்கியில் கோலிகள்.
உண்மையாகவே கோலிகள்,
கண்ணாடியில்,
முடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு.
அனல் மின்நிலையத்துச் சாம்பல்
புகையிலேயே உருகி, உருண்டு, ஆறியது.

சிப்பியும் சாம்பலும் சேரும் இடம்
எண்ணூர்க் கழிமுகம்.
உடல் கிடந்ததும் அங்கேதான்.
அறிக்கையில் பாதி அன்றே எழுதிவிட்டேன்.

வாக்குமூலத்தை ஏன் புரட்டினேன், தெரியாது.
"எண்ணூர் பக்கமே போனதில்லீங்க.
பெரும்பாக்கத்துல மண்ணு ரொப்புற வேலை."

சனிக்கிழமை நானே போனேன்.
ஏரியாக இருந்த மனைகளில்
எண் எழுதிய கற்கள்.
லாரி முதுகைத் தூக்கிச் சாம்பல்நிறமாய்க் கொட்டியது.
"எங்கேருந்து வருது?"
"வடக்கேருந்து" என்று
திசை முழுவதையும் கையால் காட்டினார் டிரைவர்.
கரண்டியால் ஒன்பது பொட்டலம்.

ஒன்பதில் நான்கில் கோலிகள்.
ஒன்றில் சிப்பியும்.

கலப்படம் இல்லையென்று உறுதிசெய்ய
என் செருப்பையும் சோதிக்க வேண்டும், விதி.
வேளச்சேரி, மூன்றாவது மாடி,
லிஃப்டுக்கும் பால்காரருக்கும் நடுவே மட்டும் நடக்கிற செருப்பு.
அதிலும் இரண்டு கோலிகள்.

ஆட்கள் ஒரே தெருவில் ஆயுளைக் கழிக்கிற ஊரில்
மண்தான் ராத்திரியில்
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு போய் வருகிறது.

"பொருந்துகிறது" என்பதை அடித்தேன்.
"விலக்க இயலவில்லை."
அரசு வழக்கறிஞருக்குக் கோபம் வரும்.
அந்த ஆள் செய்திருக்கவும் கூடும்,
அதையும் நான் அடிக்கவில்லை.

சோதனையில் செலவானது நான்கு மில்லிகிராம் என்று
பதிவேட்டில் குறித்து,
மேசையில் சிந்திய துகளையும் தூரிகையால் கூட்டி
உறைக்குள் தள்ளினேன்.
அரக்கு உருகும் வாசனை.

"முடிஞ்சுதா மேடம்?"

வலதைத் தேடச் சொல்லுங்க, சகாயராஜ்.