கேட்பாரற்ற பொருட்கள்

சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் எனக்கு வேலை
சீட்டு ஒட்டுவது.
எங்கிருந்து, எங்கே, யாருக்கு, எத்தனை கிலோ.
சீட்டு இல்லாத மூட்டை அநாதை;
அதற்கென்று மூலையில் ஒரு கம்பி அறை.

சூரமங்கலம் வீட்டுக்கு வந்தால்
எதற்கும் சீட்டு இல்லை.
வாசலில் ஒரு சாக்ஸ்,
அதன் ஜோடி ஃபிரிட்ஜ் மேல்.
காம்பஸ் டப்பா குளியலறையில்
(எந்த வட்டத்தை அங்கே வரைந்தாளோ).
துருவனின் லாரி நட்டநடு ஹாலில் பிரேக்டவுன்.
அதை மிதித்து "அம்மா" என்று நான் அலறினால்
மூன்று பேர் சிரிக்கிறார்கள்.

கத்திப் பார்த்தேன்.
அட்டவணை போட்டு நட்சத்திரம் ஒட்டிப் பார்த்தேன்;
நட்சத்திரங்களும் தரையில் கிடந்தன.
"எல்லாத்தையும் எடுத்து வைன்னா
எல்லாம்ங்கறது எதுன்னு
ஆறு வயசுக்கு எப்படித் தெரியும்?"
என்றாள் பூங்கோதை,
ஏற்காட்டுப் பள்ளியிலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவும்
இறங்கி வந்த தலைசுற்றலோடு.

மறுநாள் ஒரு மாம்பழப் பெட்டி கொண்டுவந்தேன்.
பலகை இடுக்கில் வைக்கோல்,
மல்கோவா வாசம் இன்னும் போகவில்லை.
மார்க்கர் பேனாவால் எழுதினேன்:
கேட்பாரற்ற பொருட்கள்.
இரவு ஒன்பதுக்குத் தரையில் கிடப்பது எதுவும் இதற்குள்.
வேண்டுமென்றால் மனு எழுதணும்,
அடையாளம் சொல்லணும்.
ஞாயிறுவரை யாரும் கேட்காவிட்டால் ஏலம்.

முதல் மனு மதுநிலாவுடையது:
"ஐயா, என் அறிவியல் நோட்டு.
அட்டையில் தவளை, தவளைக்கு மீசை.
நாளைக்கு நோட்டு திருத்துகிறார்கள். அவசரம்."
துருவனுக்கு எழுத்து போதவில்லை. வரைந்தான்:
ஒரு செருப்பு, இடது கால்,
வார் பிய்ந்த இடத்துக்கு அம்புக்குறி.
கொடுத்தேன். கையெழுத்து வாங்கினேன்.

நான்காம் நாள் காலை
எறும்புகள் வரிசையில் வந்து நின்றன, மனு இல்லாமல்.
தட்டுவடை செட் மடித்த காகிதம்,
அதில் பீட்ரூட் துருவல்.
இரண்டு பேரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள்.
(என்னுடையதுதான். சொல்லவில்லை.)

ஆறாம் நாள் என் மூக்குக்கண்ணாடியைக் காணோம்.
செல்போனும். வண்டிச் சாவியும்.
எட்டு மணி ஷிஃப்ட்; மணி ஏழு நாற்பது.
பெட்டிமேல் காலைத் தொங்கப்போட்டு
உட்கார்ந்திருந்தார் ஆறு வயது அதிகாரி.
"மனு?"
கண்ணாடி இல்லாமல் கோணல்மாணலாக எழுதினேன்.
"அடையாளம்?"
இடது காதுப் பக்கம் திருகாணிக்குப் பதிலாக நூல்.
"எங்க கெடந்துச்சு?"
சோபாவுக்கு அடியில்.
"தப்பு. பாத்ரூம்ல. மனு தள்ளுபடி."

அன்றைக்கு முக்கால் மணி நேரம் தாமதம்.
ஏன் என்று கேட்டவரிடம்
ஆவணங்கள் சரியில்லை என்றேன்.

ஞாயிறு ஏலத்துக்கு மிஞ்சியது
ஒரே ஒரு மஞ்சள் பட்டன்.
எந்தச் சட்டையிலும் அதன் இடம் காலியாக இல்லை.
மதுநிலா: ரெண்டு நாள் பாத்திரம் துடைப்பேன்.
பூங்கோதை: எனக்கு பட்டன் வேணாம், காபி வேணும்.
துருவன்: ஒரு வாரம் போர்வை மடிப்பேன்.
ஒரு தரம், ரெண்டு தரம்,
மூணு தரம்.

திங்கள் காலை அவன் மடித்ததைப் பார்த்தேன்.
மூலையும் மூலையும் சேரவில்லை.
மொட்டைமாடியிலிருந்து தெரியும்
சேர்வராயன் மலைபோல
மடிப்புக்குள் மடிப்பாக
என்னவோ ஒன்று கட்டிலில் குவிந்திருந்தது.
உதறி மறுபடி மடிக்கக் கை போனது.
கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இப்போது பைகள் ஆணியில் தொங்குகின்றன,
பெரும்பாலும்.
சாக்ஸ் ஜோடி சேர்வது வாரத்தில் நான்கு நாள்.
லாரி ஓரங்கட்டி நிற்கிறது;
இண்டிகேட்டர் எரிவதாக ஓட்டுநர் சொல்கிறார்.

நேற்றிரவு விளக்கை அணைத்துத் திரும்புகையில்
குதிகாலில் சுருக்கென்றது.
குனிந்து தடவினேன்.
சின்ன வட்டம், நடுவில் நான்கு துளை.
மணி ஒன்பது ஐந்து.

பெட்டியில் போட்டேன்.