சாப்டியா

பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
மஞ்சள் பலகைக்குக் கீழே
முதன்முதலாக அது முளைத்தது.
திரையில்தான்.
நிஜத்தில் அந்த இடத்தில்
ஒரு குரங்கு பிஸ்கட் உறையை நக்கிக்கொண்டிருந்தது.

மடக்கிலை என்று விளையாட்டில் பெயர்.
உயரம் ஒரு முழம்,
எடை ஒன்றேகால் கிலோ.
குறிப்பில் எழுதியிருந்தார்கள்:
‘தேன்மணம் காட்டி அழைக்கும்.
வந்தவரைத் திருப்பி அனுப்பாது.’
சிரித்துவிட்டேன்.
எங்கள் பெரியம்மா வீட்டைப் பற்றியும்
இப்படித்தான் சொல்வார்கள்.

ஏழு வலை வீணாகி எட்டாவதில் அடங்கியது.
பெயர் வை என்றது திரை.
பன்னிரண்டு எழுத்துக்கு இடமிருந்தது.
காலையிலிருந்து என்னை யாரும் கேட்காத ஒன்றை
நாலே எழுத்தில் வைத்தேன்:
சாப்டியா.

அதன் பிறகு சேலம் முழுக்க அதற்குத் தீனி.
செவ்வாய்ப்பேட்டையில் ஆர்டருக்குக் காத்திருக்கையில் வண்டு.
சூரமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கையில் தும்பி.
அம்மாப்பேட்டையில்
தட்டுவடை செட்டுக்குப் பீட்ரூட் துருவி முடிப்பதற்குள்
பதினெட்டு ஈ.
என் சிவப்புப் பைக்குள் ஊராருடைய சாப்பாடு,
உள்ளங்கைக்குள் என் வாயாடியின் சாப்பாடு.
நடுவில் நான் ஒரு தேன்மிட்டாயில் ஓட்டினேன்.

நாற்பதாம் நிலையில் நின்றுவிட்டது.
கைமாறினால்தான் அடுத்த உருவமாம்.
இன்னொருத்தர் கணக்குக்குப் போய்
திரும்பி வர வேண்டும்.
பெண்ணை அனுப்புகிற மாதிரி
இதென்ன விதி என்று திட்டிக்கொண்டே
ஜெசிந்தாவைக் கேட்டேன்.

பத்து மாதம் சேர்ந்து சண்டை போட்டிருக்கிறோம்,
முகம் பார்த்ததில்லை.
ஏற்காட்டில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் இருந்தாள்.
தூத்துக்குடிக்காரி,
இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது.
ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு
கைமாற்றினோம்.
அவள் கையில் அது வெடித்து மலர்ந்தது.
அண்டா வாய்.
உள்ளே நீலமாய் ஒரு நாக்கு.
பஜ்ஜியைக் கல்லில் வைத்துவிட்டு
இரண்டு பேரும் கைதட்டினோம்.
படகுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

திருப்பித் தரும்போது
பனி இறங்கி டவரை விழுங்கிவிட்டது.
‘ராத்திரி அனுப்புறேன்க்கா’ என்றாள்.

ராத்திரி வந்தது.
அப்புறம் பல ராத்திரிகள்.
லாட்ஜுக்குப் போன் போட்டால்
கணக்கை முடித்துக்கொண்டு போயாச்சு என்றார்கள்.
எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒரு லீவு நாளில் மறுபடி மலையேறி
பூங்காவின் கண்ணாடி வீட்டில்
நிஜக் குடுவைச் செடியைப் பார்த்தேன்.
உள்ளே அரை ஸ்பூன் தண்ணீர், ஒரு எறும்பு.
செத்ததா நீந்துகிறதா தெரியவில்லை.
இதற்கா இவ்வளவு என்று தோன்றியது.
ஆனாலும் காவலாளி விரட்டும்வரை நின்றேன்.

நேற்று அஞ்சு ரோட்டில், மழை.
மேம்பாலத்துக்கு அடியில் எதிரணிக் கோட்டை.
வாசலில் காவல் நிற்கிறது அண்டா வாய்.
நிறுத்தியவர்: ஜெசி.
நிறுத்திப் பதினொரு நிமிடம்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன்.
ரெயின்கோட், ரெயின்கோட், நகரப் பேருந்தின் பனித்த ஜன்னல்,
குடைக்குள் நாலு காலேஜ் பெண்கள்.
இரண்டு ஸ்வெட்டர் யாரும் போட்டிருக்கவில்லை.

என்னிடம் அடுப்புப்பூனை இருக்கிறது.
தீக்கு அது தாங்காது, இரண்டு அடி போதும்.
வளர்த்தவளுக்குத் தெரியாதா?
பசிப்பட்டை வேறு பாதிக்குக் கீழே.
தாக்கு, ஊட்டு என
இரண்டே பொத்தான்.
அந்தப் பெரிய வாய்க்கு மேலே
வெள்ளையாய், நான் வைத்த நாலெழுத்து.

இன்னும் இல்லை என்று சொல்ல
அந்த விளையாட்டில் வழியில்லை.

பின்னால் லாரிக்காரன் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.
பையில் தேடி ஒரு வண்டைப் போட்டேன்.
மூடி ஒருமுறை திறந்து மூடியது.
பச்சை விழுந்தது.
அழகாபுரத்தில் யாருக்கோ
பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.