பதினொரு கதிரை

புதன் பின்னேரம்
பூர்க்டோர்ஃபில் பள்ளிக்கூடம் இல்லை.
எங்கள் தொடர்மாடி நிலவறையின் சாவி
இரண்டு மணியிலிருந்து என்னிடம்.
கதவு ஒரு சாண் தடிப்பு, முழுச் சீமெந்து;
வராத போருக்கென்று இந்த ஊரார்
கட்டிடத்துக்குக் கட்டிடம் கட்டிவைத்தது.
உள்ளே பனிச்சறுக்கு மட்டைகள்,
யாரோ விட்டுப்போன தொட்டில்,
நான் விரித்த பதினொரு கதிரை.

போன கிழமை வந்தது ஆறு பேர்.
ஆறு பேருக்கும் ஒரே வசனம்:
"ஓம், பிள்ளையள் நல்லாயிருக்கினம்."
பிறகு எம்மெ ஆற்றில் தண்ணி கூடினதைக் கதைத்தோம்.
பிறகு கதிரைகளை மடக்கினோம்.

அந்த "நல்லாயிருக்கினம்" என்னிடமும் உண்டு.
இஸ்திரி போட்டு மடித்து
வெளியே போகும்போது மட்டும் உடுத்துவது.

இன்றைக்கு அதை உடுத்தாமல் வந்தேன்.
சொன்னேன்:
என் மகன் ஆரூரன், ஐந்து வயது,
பாலர் வகுப்பில் மூன்று மாதமாக ஒரு சொல் பேசவில்லை.
வீட்டிலோ வாய் மூடாதவன்.
ஆசிரியை கேட்டா, வெட்கம் என்றேன்.
வெட்கமா என்று எனக்கே தெரியாது.
நேற்றுக் காலை படலையடியில்
தோளைப் பிடித்து உலுக்கினேன்,
"வாயைத் திறவன்" என்று கத்தினேன்.
கழுத்தில் மாட்டியிருந்த செம்மஞ்சள் பட்டி
அங்குமிங்கும் ஆடியது.
அவன் பட்டியைத்தான் பார்த்தான்.

சொல்லி முடிந்தது.
பக்கத்து அறையில் துணி உலர்த்தும் இயந்திரம்
தன்பாட்டுக்குச் சுற்றியது.
மாடிக்கு ஓடிவிடலாமோ என்று இருந்தது எனக்கு.

கதவோரம் நிற்கிற பிரதாபன்,
சீஸ் ஆலையில் இரவு வேலை, எங்களுக்குள் ஒரே அப்பா,
தொண்டையைச் செருமினார்.
"நான் பள்ளிக்கூடக் கடிதம் ஒண்டும் வாசிக்கிறேல்ல அக்கா.
விளங்காது. எல்லாம் ஃப்ரிட்ஜுக்கு மேல.
மகள்தான் என்ர கையெழுத்து வைக்கிறாள்,
என்னைவிட வடிவா."

யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பு கதவைத் திறந்தது என்று எழுத ஆசை.
கதவு திறந்தேதான் கிடந்தது,
குளிர் வந்துகொண்டிருந்தது.

நிரோஜினிக்கு ஒன்பது மணிப் பெட்டிதான் கவலை.
பயிற்றம் பணியாரம் வைத்து அனுப்பினாளாம்,
அப்படியே திரும்பி வந்ததாம், ஒரு துண்டுக் கடிதத்தோடு.
கரட் வை, ஆப்பிள் வை, ஆசிரியைக்கும் ரெண்டு கொடுத்துப் பார்,
நாலு பேர் ஒரே நேரத்தில் சொல்ல
அவள் காதைப் பொத்திக்கொண்டு கெஞ்சினாள்:
"வழி சொல்லாதேங்கோ.
அவன் அழுததை முதல்ல சொல்ல விடுங்கோ."
விட்டோம்.
கஷ்டமாகத்தான் இருந்தது, வாயை அடக்கி வைத்திருப்பது.

யோகமலர் மட்டும் மூலையில்.
மூன்று புதன் வந்தும் பேசாதவள்.
தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தபடி
நிலத்துக்குச் சொன்னாள்:
"இப்பிடி ஒரு அறைக்குள்ள இருந்தனாங்கள்.
மூச்சுச் சத்தமும் கேக்கக்கூடாதெண்டு அம்மா வாயைப் பொத்தினவ."
அதற்கு மேல் இல்லை.
யாரும் கேட்கவில்லை.
நான் அவளை உலுக்கவில்லை.
பிரதாபன் மட்டும் வந்து
கதவுக்கு இன்னொரு கல்லை அண்டை கொடுத்தார்,
காற்றுக்கும் சாத்தாதபடி.

நாலு மணிக்கு மேலே பிள்ளைகள் மாடிப்படியில் இறங்கும் சத்தம்.
அதில் ஒரு குரல் ஆரூரனுடையது,
யாரையோ என்னவோ அதட்டிக்கொண்டு.

படிக்கட்டில் நின்று கேட்டுவிட்டு
உள்ளே வராமல் போகிறவர்களுக்கு:
உங்கள் சப்பாத்து நுனி எனக்குத் தெரிகிறது.
பதில் கொண்டுவரத் தேவையில்லை.
நல்ல பிள்ளை வளர்த்தவர்தான் வரவேண்டும் என்றால்
நான் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.
கதைக்க வராவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கோ.
கதிரை மடக்கவாவது
ஒரு கை வேணும்.