முப்பத்தைந்து மில்லிமீற்றர்

நான்கு ஸ்பிரிங் வந்தன ஜப்பானிலிருந்து,
புரியாத எழுத்துச் செய்தித்தாளில் சுற்றி.
பதினோரு மாதச் சீட்டுக் காசு.
வார்டில் யாருக்கும் சொல்லவில்லை.
எலும்பு முறிவு வார்டு மிஸ்ஸிக்கு
இரண்டே இருக்கை மஸ்டா எதற்கென்று
ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டார்கள்.

தலவாக்கலை. ஞாயிற்றுக்கிழமை.
நஸ்மியின் கராஜ் தகரத்தில் மழை.
"மிஸ்ஸி, இது மூணரை சென்ரிமீற்றர் எறங்கும்."
"அதுக்குத்தான் வாங்கினேன்."
"நம்ம ரோடு?"
நான் சக்கர நட்டைத் தளர்த்தத் தொடங்கினேன்.
அவன் ஜக்கை உருட்டிக்கொண்டு வந்தான்.

நீள போல்ட் ஒன்று வர மறுத்தது.
இருபத்தெட்டு வருடத் துரு.
டீசல் ஊற்றினோம், தட்டினோம்,
பிளேன்டீ குடித்தோம், மறுபடி தட்டினோம்.
நஸ்மி அதன் தாயைப் பற்றி ஏதோ சொன்னதும்
அசைந்தது.

ஷொக்கோடு சேர்ந்து வெளியே வந்த ஸ்பிரிங்
மாவுக்கட்டுப் போட்ட பிள்ளையின் கால் அளவு கனம்.
இரண்டு கொக்கி, இரண்டு நீளத் திருகு.
இந்தப் பக்கம் அரைச் சுற்று,
அந்தப் பக்கம் அரைச் சுற்று.
அமுக்கிய ஸ்பிரிங்குக்கு நேரே
முகத்தை வைக்காதே என்றான்.
எனக்கா சொல்ல வேண்டும்?
இதே கொக்கி வழுக்கித் தாடை போன ஒருவனுக்கு
ஆறு வாரம் குழாயில் கஞ்சி கொடுத்தவள்.
அவன் பெயர் மறந்துவிட்டது.
மிஞ்சிய பல் எத்தனை என்பது ஞாபகம்.

பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.
பழையது கறுப்பு, நெட்டை, மேல்சுற்றில் அரிப்பு.
புதியது குட்டை, மாதுளை முத்துச் சிவப்பு.
சுண்டினால் கணீரென்றது.
இன்னும் இரண்டு தடவை சுண்டிப் பார்த்தேன்.

எல்லாம் பூட்டிக் கடைசி போல்ட்டை முறுக்கப் போக,
"இப்ப வேணாம்" என்றான்.
"எறக்கி, பாரம் முழுக்கக் கால்ல ஏறட்டும்.
தொங்குறப்ப இறுக்கினா
ரப்பர் முறுகிக் கிழிஞ்சிரும்."
சக்கரங்களுக்கடியில் கட்டை வைத்து இறக்கினோம்.
ஈரச் சிமெந்தில் மல்லாந்து படுத்து
ஒவ்வொன்றாக நான் இறுக்கினேன்.
மூக்குக்கும் இரும்புக்கும் ஒரு சாண்.
மேலே கார் மெல்ல முனகி உட்கார்ந்தது.

இரவு ஏழு.
மூடிக் கிடந்த இரண்டு விளக்கும் கண் விழித்தெழ
டெவன் அருவி வளைவுகளில் விட்டேன்.
முன்பெல்லாம் இங்கே கார் சாயும்,
பக்கத்து இருக்கைக் கைப்பை
கதவில் போய் மோதும்.
இன்று வைத்த இடத்திலேயே இருந்தது கைப்பை.
பனிக்குள் தனியே சிரித்தேன்.
மறுபடி ஒரு வளைவு. கைப்பையைப் பார்த்தேன்.
ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

கொட்டகலை தாண்டித் தோட்டத்துக்குத் திரும்பும் முனையில்
கானின் மேல் ஒரு சிமெந்துத் திட்டு.
வயிறு இடித்தது. பின்வாங்கினேன்.
சரிவாக ஏற்றினேன். இடித்தது.
அந்த இருபதடி
பிரதேச சபையுடையது என்கிறது தோட்டம்,
தோட்டத்துடையது என்கிறது சபை.
தேர்தலுக்குத் தேர்தல் ஒரு டேப் மட்டும்
வந்து அளந்துவிட்டுப் போகும்.

பின்னால் கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தது.
இறங்கி வந்தார் பிச்சைமணி.
"என்னா தங்கச்சி, காரு ஒக்காந்துருச்சா?"
"நாந்தான் ஒக்கார வச்சேன்."
"காசு குடுத்தா?"
"காசு குடுத்து."
டோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தார்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
லொறியிலிருந்து இரண்டு பலகையை உருவிப் போட்டார்.

இப்போது அவை பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் கிடக்கின்றன.
போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை
இறங்கிப் போட்டு, ஏறிக் கடந்து,
இறங்கி எடுத்து வைக்கிறேன்.
பஸ்ஸுக்கு நிற்பவர்கள்
முதல் வாரம் சிரித்தார்கள்,
இரண்டாம் வாரம் ஒரு முனையைப் பிடித்தார்கள்.
நேற்று முன்தினம் பிரசவ வலியோடு போன ஆட்டோ
அதன் மேல்தான் குலுங்காமல் ஏறியதாம்.

இடது பலகையில் கீறல் விழுந்திருக்கிறது.
ஞாயிறு நஸ்மியிடம்
தகடு கேட்க வேண்டும்.