பள்ளத்தூர், அறை எண் ஆறு

எழுத்தாளர்களுக்கு ஏற்ற வீடு என்று
விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.
பதினோரு நாளுக்கு முன்பணம் கட்டிவிட்டு
பள்ளத்தூரில் வந்து இறங்கினேன்.
நாவலின் பெயர் மட்டும் தயார்.

மேலாளர் சாத்தப்பன் சாவியைத் தந்தபடி
"இந்த மேசையில உக்காந்தவங்க யாரும்
எழுதாமப் போனதில்ல மேடம்" என்றார்.
தேக்கு மேசை. மூன்று ஆள் சேர்ந்து தள்ளினாலும்
ஜன்னல் பக்கம் நகராது.
காலையில் வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல்,
பிறகு அமைதி.
மேசை விசிறி இல்லை, இல்லை என்று
தலையாட்டுவது கேட்கும் அளவுக்கு அமைதி.

மூன்றாம் நாள் இழுப்பறையைத் திறந்தேன்.
முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன தாள்கள்.
ஏழு கையெழுத்து, ஏழும் முதல் பத்தி.
'பர்மாத் தேக்குத் தூண்கள் மௌனமாய்…'
'பூட்டிய அறைகளுக்குள் காலம்…'
'முற்றத்தில் விழுந்த வெயில், ஒரு…'
ஒரு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை.
இன்னொருவர் தூணை வரைந்துவிட்டுப் பக்கத்தில்
சலவைக் கணக்கு எழுதியிருந்தார்:
சட்டை மூன்று, லுங்கி ஒன்று.
அது ஒன்றுதான் முடிந்திருந்தது.

என் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன்.
எட்டாவது தூண் அங்கே நின்றது.

மறுநாள் புதுவயல் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன்.
இறங்கும்போதே அவிந்த நெல்லின் வாடை.
உமிச் சாம்பல் இமையில் வந்து உட்கார்ந்தது.
ஜெராக்ஸ் கடை வாசலில்
தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்,
இருபத்தைந்து இருக்கும்,
என் பேனாவைப் பார்த்தாள், என்னை அல்ல.
"அக்கா, எழுதத் தெரியுமா?"

விமர்சகர்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்,
இவ்வளவு மரியாதையாக இல்லை.

அவள் பெயர் முத்துராக்கு.
ரேஷன் கார்டில் முத்துராகு.
"ஒரு க் போச்சுக்கா.
பேங்க்ல நான் நான் இல்லைங்கறாங்க."

ஜெராக்ஸ் மிஷின் மேல் தாளை வைத்தேன்.
மூடியின் சூடு உள்ளங்கையில் ஏறியது.
'வட்ட வழங்கல் அலுவலர் அவர்களுக்கு,
விடியும் முன்பே அரிசி ஆலையின் ஆவியில்
வியர்த்து நனையும் எளிய பெண்ணான நான்…'
"அதெல்லாம் எதுக்குக்கா?
அவர்கிட்ட க் தான கேக்கறோம்."
அடித்தேன்.
'மிகுந்த மன உளைச்சலுக்கு…'
"உளைச்சல்லாம் இல்ல. பணம் வரல."
அடித்தேன்.
பணம் வரவில்லை, என்று எழுதினேன்.
இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன்,
இரண்டு சொல்லில் நின்றதில்லை.

கீழே கையெழுத்துப் போட்டாள்.
க் மேல் இருக்கும் புள்ளியை மட்டும்
தாளில் துளை விழும்படி அழுத்தினாள்.

அன்று இரவு நாவலின் பெயரை அடித்தேன்.
அதிலும் ஒரு மௌனம் இருந்தது.

கிளம்பும்போது சாத்தப்பன் கேட்டார்,
"எத்தனை பக்கம் மேடம்?"
"ஒரு பக்கம்."
அடுத்து வருகிறவரிடம் அதை
நூறாக்கிச் சொல்வார். சொல்லட்டும்.
அடித்தல் திருத்தலோடு மனுவின் நகலை
இழுப்பறையில் வைத்துவிட்டு வந்தேன்,
தூண்களுக்கு மேலே.

இரண்டு மாதம் கழித்து, தாம்பரத்தில்,
குக்கர் மூன்றாவது விசிலுக்குத் திணறும்போது போன்.
பின்னால் ஆலை இரைச்சல்.
"அக்கா, க் வந்துருச்சு!
ஆனா அப்பா பேரு சேவுகன்.
இப்ப சேவகன்னு அடிச்சுட்டாங்க.
சேவுகப்பெருமாள் பேரு அது,
வேலைக்காரனாக்கி வச்சிருக்காங்க.
எப்ப வர்றீங்க?"

அடுப்பை அணைத்தேன்.
ஜெராக்ஸ் கடைப் பக்கம் தங்க
அறை ஏதும் இருக்குமா என்றேன்.
"ஆலைக்குப் பின்னால ஒண்ணு இருக்கு.
ராத்திரியெல்லாம் சத்தம், தூங்க முடியாது."
மேசை இருக்குமா?
"மேசைக்கு எங்க போறது?
மூட்டை இருக்கு."