ஐம்பது துளைகள்

கேக் தட்டு ஆர்டிஸுடையது.
இனி அது அடுப்புக்குத் திரும்பாது என்பது
முதல் தடவை மெழுகு ஊற்றிய அன்றே முடிவாகிவிட்டது.
அதன் முதுகில் கறுப்பு மையால் எழுதினாள்:
“நார்வால்ட். நஞ்சு. சமையலறைக்குள் வரக் கூடாது.”
வரக் கூடாதது தட்டா, நானா என்று
இன்றுவரை கேட்கவில்லை.

டயர் கடையில் வாளி நிறைய வாங்கிய
சக்கர எடைகளைக் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து
உருக்கினேன், போன வாரம்.
அழுக்கு மேலே வந்தது. வழித்தேன்.
அச்சைத் தட்டத் தட்ட
பழைய துண்டின் மேல் ரவைகள் விழுந்தன,
புதுக் காசுபோல மினுங்கி.
மறுநாளே மங்கின.

வெறும் ஈயத்தை அப்படியே சுட்டால்
குழலின் உள்வரிகளில் அப்பிக்கொள்ளும்.
அப்புறம் தூரிகையும் கெட்ட வார்த்தையுமாக
ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.
அதற்குத்தான் இந்த மெழுகு:
ட்வெர்பெர்க்கின் தேனீக்கள் தந்தது பாதிக்கு மேல்,
மீதி ஆட்டு உரோமக் கொழுப்பு.
உருகும்போது
மழையில் நனைந்த மந்தையொன்று
பூக்கடைக்குள் புகுந்துவிட்ட மாதிரி மணக்கும்.

ஐம்பது ரவைகளை நிற்கவைத்து
ஓரத்திலிருந்து மெல்ல ஊற்றினேன்.
இடுப்புக் காடிகள் இரண்டும் மூழ்கின.
ஞானஸ்நானத்துக்கு ஏரியில் இறங்கிய சபைபோல
நெஞ்சளவில் நின்றன.
யாரும் பாடவில்லை.

அப்போதுதான் மின்சாரம் போனது.
பள்ளத்தாக்கில் எங்கோ பனி கனத்து
ஒரு பைன் மரம் கம்பிமேல் சாய்ந்திருக்கும்.
மொன்டானாவில் ஜனவரிக்கு இது பொழுதுபோக்கு.
கொட்டகையில் குளிர் ஏற ஏற
மெழுகு வெடிக்கும், காடியைவிட்டு விலகும்.
தட்டைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு
இருட்டின் தைரியத்தில்
சமையலறைக்குள் வந்தேன்.

ஆர்டிஸ் இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.
கிடைத்தவை, என் பிறந்தநாள் கேக்கில் குத்திய
ஆறும் மூன்றும்.
மூன்றை ஏற்றினாள்.
நான்கு நிமிடம் எரிந்தது.
ஆறு, திரியே இல்லாத ஆறு.

“மெழுகு வாசனை வருதே.”
நான் மூச்சுவிடவில்லை.
“தட்டோட வந்திருக்கே.”
“வெடிச்சிடும், ஆர்டிஸ்.”
“ஒரு திரி போட்டா விடியவிடிய எரியுமே.”
“கூடாது. ஈயம் பட்டது.”

வீட்டில் ஒரு தட்டு மெழுகு.
வீடு முழுக்க இருட்டு.
இரண்டுக்கும் நடுவில் நாங்கள்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஒருத்தியும்
முழங்கால் ஓய்வுபெற்ற ஒருவனும்.

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.
குரலில் அப்படி இருந்தது.
“எதுக்கு இவ்வளவு பாடு?”
“போகும்போது எதிலயும் ஒட்டாம போகணும்.”
சொன்ன பிறகுதான்
வேறெதையோ சொன்னதுபோல் கேட்டது.
“நமக்கு ஒட்டினது போதாதா,” என்றாள்.
சண்டையா, இல்லையா,
முகம் தெரியவில்லை.

ஆறியதும் மெழுகைக் கவிழ்த்தேன்.
கையுறை போட்டுக்கொண்டு
கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.
மெழுகு விட மனமில்லாமல் விட்டது.
காடிகளில் மட்டும் தங்கிப் போனது,
மோதிரம்போல.
நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.
காலியான வட்டைத் தடவிப் பார்த்தாள்.
“இதை இப்படியே தேனீக்கிட்ட திருப்பிக் கொடுக்கலாம்.
கூடுன்னு நம்பிடும்.”

விடிகாலை இரண்டு மணிக்கு
ஃபிரிட்ஜ் முனகி எழுந்தது.
வெளிச்சத்தில் எண்ணினேன்:
துளை ஐம்பது.
ரவை நாற்பத்தொன்பது.
மேசைக்கடியில் தவழ்ந்தேன். அடுப்புக்குப் பின்னால் பார்த்தேன்.
அவள் வெளிக் குழாயடியில்
இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவி
படுக்கப் போய்விட்டாள்.

மார்ச்சில், பேருந்துச் சாவி எடுத்துத் தரச் சொன்னாள்.
அவள் கோட்டுப் பையில் கைவிட்டேன்.
சாவி, பழைய ரசீது, ஒரு கைக்குட்டை,
கைக்குட்டைக்குள் அது.

“என்ன இது?”
கண்ணாடியில் தொப்பியைச் சரிசெய்தபடி
“மணக்குது,” என்றாள்.

கையைக் கழுவு, என்றேன்.