இரண்டாம் குரல்

வெள்ளிவிழாப் பயணம், ஐந்து நகரங்கள்:
கோலாலம்பூர், தோகா, சூரிச், லண்டன், டொரொன்டோ.
போஸ்டரில் வேலூர் இல்லை.
"ஊர்ல யாருக்கா டிக்கெட் வாங்குவா?" என்றான்
ஏற்பாடு செய்த பையன்.
எங்கள் கேசட் வந்த வருஷம்தான்
அவனும் பிறந்திருக்கிறான்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று
ஊரைக் கிண்டலடிக்கும் பட்டியலில்
அப்போதே எங்களையும் சேர்த்திருந்தார்கள்:
மேடை இல்லாத நாலு பொண்ணுங்க.

மெட்டு தஸ்லீமுடையது.
அதற்கு மேலே பறப்பவள் பெர்சிஸ்,
அடியில் தரையாய்க் கிடப்பவள் கோமளா.
நான் இரண்டாம் குரல்.
மெட்டைத் தொடாமல், விட்டுவிடாமல்
பக்கத்திலேயே நடந்து போவது என் வேலை.

குழு உடைந்தபின் இருபத்து மூன்று வருஷம்
சமையலறையில் நான் முணுமுணுத்ததெல்லாம்
என் வரியைத்தான். வேறு வரி எனக்குத் தெரியாது.
"இன்னா பாட்டு இது, தலையும் இல்ல வாலும் இல்ல"
என்பார் வீட்டுக்காரர்.
கல்யாணத்துக்கு முன்னால்
டீக்கடை வாசலில் நின்று
அவரே தலையாட்டிக் கேட்ட பாட்டு.

உடைந்தது ஆயிரத்து இருநூறு ரூபாயில்.
காட்பாடிக் கடையில் கேசட் விற்ற பணம்
பிஸ்கட் டப்பாவில் இருந்தது, பிறகு இல்லை.
நான் கோமளாவைப் பார்த்தேன்.
கோமளா டப்பாவைப் பார்த்தாள்.
அவ்வளவுதான்.

ஒத்திகை தோட்டப்பாளையத்தில்,
மெத்தைக் கடை மாடியில்.
மே மாதம். மின்விசிறி இரைகிறதென்று
அதையும் நிறுத்தியாயிற்று.
இரண்டு பேருக்குச் சர்க்கரை, ஒருத்திக்குத் தைராய்டு.
சுருதியை இரண்டு கட்டை இறக்கினோம்,
அதைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

தஸ்லீம் முதல் வரியை எடுத்தாள்.
வழக்கம்போல் கொஞ்சம் தாமதமாக நான் நுழைந்தேன்.
என் வரி
பாட்டாகிவிட்டது.

தோளில் மெத்தையோடு படியில் நின்ற பையன்
"இது அந்த விளம்பரத்துல வருமே, அதுதானே?" என்றான்.
ஆமாம் என்றோம்.
எந்த விளம்பரம் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி பில் கவுண்டரில்
சம்பளமில்லா விடுப்பு முப்பத்தொரு நாள்.
காரணம் என்ற இடத்தில்
உலகச் சுற்றுப்பயணம் என்று எழுதினேன்.
சூப்பர்வைசர் அதை அடித்துவிட்டு
குடும்ப விஷயம் என்று எழுதினார்.

சூரிச்சில் ஒரு பள்ளிக்கூட அரங்கம்.
வெளியே கொத்து ரொட்டி தட்டும் சத்தம்.
எழுநூறு பேரும் தஸ்லீமோடு மெட்டைப் பாட,
மூன்றாவது வரிசையில் ஒருத்தி,
சாயம் பூசாத நரை, கண் மூடியிருக்கிறாள்,
என் வரியைப் பாடுகிறாள்.
கேசட்டில் நான் தப்பாய் உச்சரித்த
அந்த ஒரு சொல்லையும் அப்படியே தப்பாய்.
விளக்குப் போட்டதும் தேடினேன்.
கூட்டம் சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் விமான நிலையத்தில்,
கழற்றிய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு
கோமளா சொன்னாள்:
"அந்தப் பணம் நான்தான் எடுத்தேன்.
தம்பிக்குப் பரீட்சை ஃபீஸ்."
"தெரியும்" என்றேன்.
தெரியாது.
நானே எடுத்து எங்காவது செலவழித்து
மறந்துவிட்டேனோ என்று
எத்தனையோ ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.
அதைச் சொல்வதற்குள் எங்கள் வரிசை நகர்ந்தது.

திங்கட்கிழமை, டோக்கன் ஒன்றிலிருந்து ஆரம்பம்.
வெயில் விட்ட இடத்திலேயே இருக்கிறது.
ராத்திரி பாத்திரம் கழுவும்போது
வாய் தானாக முணுமுணுத்தது.
வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.
"உங்க பாட்டா? இது அது இல்லியே."
"அதேதான். கூட யாராவது பாடணும்."

கொஞ்ச நேரம் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு சத்தத்தைக் கூட்டினார்,
பழைய அளவுக்கு இல்லை.